ஊவாவில் ஒரு குடில்

மலைநாட்டிலே சில நாள் தங்கி வருதல் வேண்டும் என்னும் ஆசை யாழ்ப்பாணத்தவர்க்கு எக்காலத்தும் உண்டு. குன்றக் கடவுளை வழிபடுகின்ற நாம் குன்றென ஒன்றைக் கண்ணாற் காணாத நிலத்திலே பிறந்தோம். கீரிமலை என்று ஓரூருக்குப் பெயரிட்டு அதனால் ஓரளவு மனந்தேறியிருக்கின்றோம். முறிகண்டியும் தம்புள்ளையும் கடந்து முதன்முதல் மலைத்தொடரைக் கண்ட நாளில், வண்டியின் யன்னலோர இருக்கைக்காக நாம் இட்ட சண்டையை இம்மலரைப் படிப்போருட் பலர் மறந்திருக்கமாட்டார்.

கல்லூரியின் இவ்விழாவையொட்டிக் கடல்கடந்து வாழும் தோழர் பலர் ஊர் திரும்புகின்றனர். ஒரே வகுப்பிலிருந்து கற்ற பதினொருவர், எல்லோரும் அறுபதைக் கடந்தவர், விழா முடிந்தபின் மூன்று இரவுகள் எங்கேனும் ஒருங்கே தங்குவதென்று முன்னரே பேசிக்கொண்டோம். இடம் எதுவென்பதில் வாதம் நீளவில்லை. நம்மிற் சிலர் மாணவர் படையிற் சேர்ந்து தியத்தலாவைப் பாசறையிற் குளிரில் நடுங்கியவர். விடுதிச்சாலையில் நம்மோடு ஒரே வரிசையிற் கட்டில் போட்டு உறங்கிய தோழர் ஒருவர் பதுளையைச் சேர்ந்தவர். ‘பதுளை’ என்பதே நாம் அவருக்கு இட்ட பெயர். அவர் ஆசிரியராய்ப் பணியாற்றி ஓய்வுபெற்று இன்றும் அவ்வூரிலேயே வாழ்கின்றார். ஆகவே ஊவாவுக்கே போவதெனத் துணிந்தோம். போவது எளிது, எங்கே, எவ்வாறு தங்குவது என்பதே நம்மைப் பல மாதம் அலைக்கழித்த வினாவாயிற்று.

ஊவா மலைநாட்டின் கிழக்குப் புறமாகும். பதுளை நகர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்தினடியிற் கிடப்பதுபோலக் கிடக்கின்றது. தென்கிழக்கே நமுனுக்குலை மலை 2,000 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கின்றது. கொழும்பிலிருந்து புறப்படும் இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டில் இந்நகரை அடைந்தது, அதற்கப்பாற் செல்லவில்லை. பட்டிப்பொல நிலையத்தில் 6,226 அடி உயரத்தைத் தொட்டு, ஒரு சுரங்கவழியே ஊவாப் பக்கம் இறங்குகின்றது அப்பாதை. சுரங்கத்தின் ஒரு வாயிலில் மழையும் மறுவாயிலில் வெயிலும் இருக்கக் காண்பது அவ்வழிச் செல்வோர்க்குப் பழகிய அதிசயம். தெமோதரையிலே பாதை தன்னைத்தானே சுற்றித் தனக்குக் கீழே நுழைந்து செல்லும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுகளையுடைய கற்பாலம் உண்டு. பதுளைக்கு அண்மையில் 64 மீற்றர் வீழும் துன்கிந்தை அருவி. தெற்கே கொஸ்லாந்தைக்கு அண்மையில் 220 மீற்றர் வீழும் தியலுமை அருவி. தியலுமையின் உச்சியிலே பாறைக் குழிகளில் நீர் தேங்கி நிற்க, அவற்றின் அருகே கூடாரமடித்துத் தங்குதல் இக்கால இளைஞர்க்கு ஒரு நோன்பு போல ஆகிவிட்டது.

இனி, குடிலின் கதைக்கு வருவோம். நம்மவருள் ஒருவர் தொரொன்றோவிலே கட்டடப் பொறியியலாளர். மேனாடுகளிற் பெருவீட்டை விற்றுச் சிறுவீட்டிற் குடியேறுவோர் தொகை பெருகுகின்றதென்றும், இருநூறு சதுர அடிக்குள் அடுக்களையும் படுக்கையும் நூலடுக்கும் அடங்கச் செய்கின்றனரென்றும், சக்கரம் பூட்டிய வீடுகளும் உண்டென்றும் அவர் விரித்துரைத்தார். அமெரிக்க அறிஞர் தோரோ 1845ஆம் ஆண்டில் வால்டன் குளக்கரையிலே தம் கையாற் கட்டிய குடிலை எடுத்துக்காட்டினார். அது 10 அடி அகலமும் 15 அடி நீளமுமுடையது. செலவு 28 டொலரும் 12½ சதமும். அந்நூலை ஆங்கில ஆசிரியர் வகுப்பிற் பாடஞ்சொல்லியபோது கடைசி வாங்கிலிருந்து உறங்கியவரே இவர் என்பதை இங்குக் குறித்தல் தகும்.

அவர் கருத்து இது. கொஸ்லாந்தைப் பக்கத்தில், வெல்லவாயச் சமவெளியை நோக்கிய சரிவொன்றிலே, இரண்டு பரப்பு நிலம், அவ்வூர்க் கணக்கில் 20 பேர்ச், கூட்டாக வாங்குதல். அதிலே நான்கு குடில் எழுப்புதல். குடிலொன்று 10 அடிக்கு 12 அடி. நாம் தங்காத நாளிற் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம். வரும் பணம் கல்லூரி நிதிக்கு. வரைபடமும் அழகாக இருந்தது. எல்லோரும் தலையசைத்தனர்.

பதுளைத் தோழர் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர் சிரித்துக்கொண்டு, “பத்துக்குப் பன்னெண்டு. எங்க காம்பரா அளவுதான்டா இது. முன்னால ஒரு இஸ்தோப்பும் போட்டா லயந்தான்” என்றார்.

அவர் பதினொரு வயதில் நம் விடுதிச்சாலைக்கு வரும்வரை வளர்ந்தது அத்தகைய ஒரு காம்பராவில். தாய், தந்தை, பாட்டி, பிள்ளைகள் ஐவர். தோரோ ஒருவருக்கு 150 சதுர அடி. இவர்கள் எண்மருக்கு 120. தோரோ இரண்டாண்டும் இரண்டு மாதமும் கழிய ஊருக்குத் திரும்பினார். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைக்கு மாறிய அம்மக்கள் திரும்புவதற்கு ஊரிருக்கவில்லை. இருந்த ஊரும் தமதென்று சொல்லவியலாதவாறு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. நெடுந்தகரக் கூரையின்கீழ் ஒன்றோடொன்று முதுகொட்டிய அறைவரிசையே லயம். அதிற் பெரும்பகுதி இன்றும் நிற்கின்றது. அதில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அண்மைக்காலத்தில் 7 பேர்ச் நிலத்திற் தனிவீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் வந்துள்ளன. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளுக்கு உதவிற்று. 2017ஆம் ஆண்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. நல்ல பணியே. ஆயினும் 7 பேர்ச் என்பது ஒரு பரப்பிலும் குறைவு. நம்மூரிற் கிணற்றடிக்கும் வாழைப்பாத்திக்கும் அவ்வளவு விடுவோம். மூன்று இரவுக்கென நாம் விரும்பிய இரண்டு பரப்பு, அக்கணக்கின்படி ஏறக்குறைய மூன்று குடும்பங்களின் நிலமாகும்.

இக்கணக்கை ஒருவர் தாளில் எழுதிக் காட்டியபின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எனினும் நிலத்தைப் பார்த்து வருவதில் தடையில்லை என்று 2025ஆம் ஆண்டு ஆவணியில் நால்வர் புறப்பட்டோம்.

பார்வைக்கு அந்நிலம் தேவலோகம். காலடியிலே மேகம், அதற்குக் கீழே தென்கடல் வரை விரிந்த சமவெளி. அயல்தோட்டத்து முன்னாட் கங்காணியார் ஒருவரைப் பதுளைத் தோழர் அழைத்து வந்திருந்தார். எழுபதைத் தாண்டிய அப்பெரியவர் காட்சியை நோக்கவில்லை. நிலத்துக்கு மேலேயுள்ள சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயாமாருக்கு நான் சொல்றதுக்கென்னங்க. பார்வைக்கு இது ராசா எடம். ஆனா அந்த மரங்களக் கொஞ்சம் பாருங்க. அடியில வளஞ்சிருக்கு, மேல நிமிந்திருக்கு. மண்ணு மெல்ல எறங்குது, மரம் நிமிரப் பாக்குது. கீழ ஊத்துத் தண்ணி ஓடுதே, அது போன வருசம் கெடையாதுங்க.”

“பெரியவர், அப்படியானால் இங்கே வீடு கட்டேலாதோ?” என்று பொறியியலாளர் கேட்டார்.

“கட்டலாங்க. மழை பெய்யாம இருந்தா கட்டலாம்.”

அவ்விடத்திலிருந்து சில மைல் தூரத்திலேதான் மீரியபெத்தை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், அடைமழையின் பின், மலைச்சரிவு பெயர்ந்து அங்கிருந்த லயங்களை மூடிற்று. வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் வேளை அது. பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள் பிழைத்தனர். அவருட் சிலர் திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை. மண்ணின் கீழிருந்து எடுக்கப்படாதவர் பலர். எஞ்சியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் தங்கவேண்டியிருந்தது. அச்சரிவு ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை கேட்டவர்க்குப் போக வேறு காணி இருந்ததா என்பதே நாம் அப்போதும் இப்போதும் கேட்க வேண்டிய கேள்வி. காட்சிக்காகச் சரிவைத் தேடிச் செல்பவர் வேறு. சரிவிலே இருத்தப்பட்டவர் வேறு.

மண்சரிவின் இயல்பைப் பொறியியலாளர் திரும்பும் வழியிலே விளக்கினார். இவ்விடயத்தில் அவர் உறங்கவில்லை. முன்பு ஒருகால் சரிந்து வந்த மண்ணும் கல்லும் பாறையின்மேற் படிந்து கிடக்கும். அதன்மேல் நின்று பார்ப்பவர்க்கு அது மெத்தென்ற நல்ல நிலமாகவே தோன்றும். அடைமழையின்போது நீர் இறங்கி மண்துணிக்கைகளின் இடைவெளியை நிரப்பும். நிரம்பிய நீரின் அழுத்தம் ஒரு துணிக்கை மற்றொன்றைப் பற்றியிருக்கும் வலியைக் குறைக்கும். ஒரு கட்டத்தில் மண் மண்ணாக நில்லாது கூழாக இறங்கும். வளைந்த மரம், நிலத்திலே புதுவெடிப்பு, முன்பின்றித் தோன்றும் ஊற்று, தெளிந்திருந்த ஊற்று கலங்குதல், கதவு திடீரென இறுகிக்கொள்ளுதல் ஆகிய யாவும் முன்னறிகுறிகள். மழையின் அளவுக்கும் கணக்குண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருத்தல் வேண்டும். 100 தாண்டினால் ஆயத்தமாதல் வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தால், இரவாயினும் இடத்தைவிட்டு அகலுதல் வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிலே கட்டடத்திற்கு அனுமதி பெற மேற்கூறிய நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்பது இப்போது விதி. அவ்வறிக்கை இன்றி நிலம் விற்க வருவோரிடம் விலை பேசாமலிருப்பது நலம்.

அதன்பின்னும் வாதம் முற்றாக ஓயவில்லை. கார்த்திகையிலே அது ஓய்ந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது மலைநாடெங்கும் சரிவுகள் நேர்ந்தன. மிகக் கடுமையாகப் பாதிப்புற்ற மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலையக இருப்புப்பாதை பல இடங்களிற் சிதைந்தது. மூன்று நாள் பதுளைத் தோழரின் குரலைக் கேட்க வழியின்றி இருந்தோம். நான்காம் நாள் பேசினார், தாம் நலமென்றார், தம் பழைய மாணவர் சிலரின் வீடுகள் இல்லையென்றார். நாம் பார்த்த நிலம் அப்படியே இருக்கின்றதாம். அதற்குச் செல்லும் வழியில் ஒரு பகுதி இல்லை.

குடில் இல்லையெனிற் கூடாரம் என்றார் இலண்டன் தோழர். இதற்கு எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. முகாம் என்னுஞ் சொல் மாணவர் படையினர்க்கும் சாரணர்க்கும் இனிக்கும். நம் இல்லங்களில் அச்சொல்லுக்கு வேறு பொருளுண்டு. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து வெளியேறித் தென்மராட்சியிலே மரநிழலிற் சமைத்தவர்களும், 2009ஆம் ஆண்டு செட்டிகுளத்திற் கூடாரத்தினுள் அடைபட்டிருந்தவர்களும் நம் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். தியத்தலாவையின் முகாமும் முதலில் விளையாட்டாகத் தொடங்கியதன்று; 1900ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகளை அடைப்பதற்கே அது அமைக்கப்பட்டது. “காசு குடுத்தும் தறப்பாளுக்குக் கீழை படுக்க வேணுமோ?” என்று தோழரொருவரின் துணைவியார் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அதே அம்மையார் ஒக்கந்தையிலிருந்து குமுனை, யாலைக் காடுகளினூடு கதிர்காமத்துக்கு நடந்து, வழிநெடுக வெறுந்தரையிற் படுத்துச் சென்றவர். கதிர்காமமும் ஊவாவிலேதான் இருக்கின்றது என்று ஒருவர் துணிந்து நினைவூட்டினார். “அது முருகனிட்டைப் போறது. இது வேறை” என்பது தீர்ப்பு. தீர்ப்பு நியாயமானதே. ஆகையாற் கூடாரம் விரும்புவோர்க்கு மட்டுமென்றும் ஏனையோர்க்குச் சுவரும் கூரையுமுள்ள அறையென்றும் வகுத்தோம்.

காலத்தைத் தெரிவதில் நாம் அதிகம் கவலை கொண்டோம். ஊவாவின் பெருமழை ஐப்பசி முதல் தை வரை. சித்திரையில் பிற்பகல்தோறும் இடியும் மழையும். ஆனி தொடக்கம் ஆவணி வரை நம்மூரிற் சோளகம் வீசுகின்ற காலத்திலே, அக்காற்று மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு ஊவாவில் இறங்குகின்றது. கச்சான் என்று அங்கும் சொல்வர். அவ்வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருகின்றது. தேயிலைக்கு நல்லது கூடாரத்துக்கு ஆகாது. முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பத்தனைப் புல்வெளிகள் தீப்பற்றுவதும் வறண்ட இக்காலத்திலேதான். எஞ்சுவது பெப்ரவரியும் மார்ச்சும். காலை தெளிந்திருக்கும், இரவு குளிரும், மழை அருமை.

இடியைக் குறித்து ஒரு வார்த்தை. பதுளையின் புனித மாற்கு ஆலயத்திலே மேஜர் ரோஜர்ஸ் என்பாரின் நினைவுக் கல்லொன்று உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரென்று பேர்பெற்ற அவர், 1845ஆம் ஆண்டில், தோரோ தம் குடிலுக்குக் குடிபோன அதே ஆண்டில், அப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். யானைகளின் பக்கத்தில் நின்று இதனைப் படிப்போர் தெய்வநீதி என்பர். நாம் படித்துக்கொண்டது, அப்புத்தளை முகட்டில் இடிமுழக்கம் கேட்டால் வெளியில் நிற்கலாகாது என்பதே.

முடிவாகிய ஒழுங்கு வருமாறு. பெப்ரவரி மாதக் கடைசி வாரத்திற் புறப்படுகின்றோம். முதலிரவு பதுளை நகரிலே; அன்று மாலை துன்கிந்தை. அடுத்த இரு இரவுகளும் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் விளையாட்டு மைதானத்தில். மேட்டின் தலையிலுள்ள சமநிலம் அது. மேலே சரிவில்லை, வெட்டிய மண்சுவருமில்லை. கங்காணியார் வந்து பார்த்துத் தலையசைத்தபின்னரே தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் அனுமதி பெற்றோம். அயலிலே புதுவீடு பெற்ற இரு குடும்பத்தினர் அறை தரவும் ரொட்டியும் இடித்த சம்பலும் செய்து தரவும் இசைந்திருக்கின்றனர். நகர விடுதியில் என்ன கொடுப்போமோ அதையே அவர்க்கும் கொடுப்பதென்பது நம்முள் ஒருவரும் மறுக்காத ஒரே தீர்மானம். ஒரு நாள் விடியுமுன் தம்பேத்தன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்த முகட்டுக்கு நடக்கலாம். ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். முற்பகல் முதிர்ந்தால் மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும். இயன்றவர் மறுநாள் பீக்கோ பாதையில் ஒரு பகுதியை நடப்பர். பழைய தோட்ட வழிகளை இணைத்து, கண்டியின் அந்தானைப் பக்கத்திலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டங்களாக அமைந்தது அது. அவ்வழிகளைக் கொழுந்துக் கூடை சுமந்து தேய்த்தவர் யாரென்று பதுளைத் தோழர் சொல்லிக்கொண்டு வருவார்.

நிலத்துக்கென நாம் சேர்த்த தொகை வங்கியில் இருக்கின்றது. விடுதிச்சாலையிலே மலையகப் பிள்ளையொருவருக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டிலும் உணவும் என்பது பதுளைத் தோழரின் விண்ணப்பம். பொறியியலாளர் நிலத்தை இன்னும் மறக்கவில்லை. அறிக்கை பெற்ற சமநிலம் பண்டாரவளைப் பக்கத்தில் இருக்கக்கூடுமென்கின்றார். விழாவின் மறுநாட் கூட்டத்தில் இரண்டும் பேசப்படும்.

வர விரும்புவோர் தைப் பொங்கலுக்கு முன் பெயர் தருக. கம்பளி இரண்டு, மழைச்சட்டை, தடித்த காலுறை, ஈரப்புல்லில் அட்டை ஏறாதிருக்கச் சவர்க்காரம், கைவிளக்கு, வழக்கமான மருந்துகள் ஆகியன போதும். கொண்டுபோகும் பிளாஸ்ரிக் யாவும் திரும்பி வரும். தீ மூட்டுதல் இல்லை. இருப்புப்பாதையின் நிலையை விசாரித்தபின்னரே வண்டியா பஸ்ஸா என்பது அறிவிக்கப்படும். நேர்ச்சுவருள்ள கண்ணாடிப் போத்தலொன்றைப் பொறியியலாளர் கொண்டுவருகின்றார். அது மைதானத்தின் நடுவே திறந்து வைக்கப்படும். அதிலே 75 மில்லிமீற்றர் நீர் நின்றால், எந்நேரமாயினும், அனைவரும் நகருக்கு இறங்குவோம்.